எச்சில் தடை

கனிஷ்கா கழிவறையிலிருந்து வெளியே வந்து கதவைச் சாத்திய அதே நிமிஷம் வாசலில் மணி அடித்தது. அவளுடைய நேரம் எப்போதும் இப்படித்தான். கொஞ்சம் முன்னால் அடித்திருந்தால் அன்றைய காலையின் பாதி அவஸ்தை மிச்சமாகியிருக்கும்.

கதவைத் திறந்தாள். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, பின்னால் ஒரு சின்ன சக்கரப் பெட்டி. விளையாட்டுத் தூய்மை ஆணையத்தின் அதிகாரி எஸ்தர். இந்த ஒரு வருஷத்தில் சொந்த மாமியாரைவிட இவரைத்தான் கனிஷ்கா அதிகம் பார்த்திருக்கிறாள். மாமியாராவது வருவதற்கு முன்னால் போன் செய்வார்.

"சாம்பிள் எடுக்க வந்திருக்கேன் கனிஷ்கா. இந்த நிமிஷத்துலேர்ந்து நீங்க என் கண்ணு முன்னாடியே இருக்கணும். தெரியும்ல?"

"தெரியும் மேடம். ஆனா இப்பதான் போய்ட்டு வந்தேன்."

"எந்த வீட்டுக்குப் போனாலும் இப்பதான் போய்ட்டு வந்திருப்பீங்க எல்லாரும்," என்று சிரித்தபடி செருப்பைக் கழற்றினார் எஸ்தர். "தண்ணி குடிங்க. நான் உக்காந்திருக்கேன்."

உலகம் எவ்வளவோ மாறிவிட்டது. வேலூரிலிருந்து சென்னைக்கு ஓட்டுநர் இல்லாமல் பேருந்து போகிறது. மனுஷ உடம்பின் தசையைத் திருத்தி எழுத ஊசி வந்துவிட்டது. ஆணையத்துக்கு மட்டும் இன்னமும் மூத்திரம்தான் வேண்டியிருந்தது. அதுவும் குவளையில் போட்ட கோடு வரைக்கும், அதிகாரி எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருக்க.

வேறு எந்த நாளாக இருந்தாலும் கனிஷ்கா அலட்டிக்கொண்டிருக்க மாட்டாள். பளுதூக்குகிறவளுக்கு இதெல்லாம் பழகிப்போன சமாசாரம். ஆனால் இன்றைக்கு இரண்டு காரியங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தன. ஆசியப் போட்டிக்கான அணியை இந்த வாரம் அறிவிக்கப் போகிறார்கள். இந்தச் சாம்பிள் சுத்தம் என்று வந்தால் அவள் பெயர் அதில் இருக்கும். இன்னொன்று, பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் மகள் மகிழினியின் எடையைப் பார்க்கிறார்கள். போன மாதத்தைவிடக் குறைந்திருந்தால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

"கண்டிஷனைப் படிச்சுக் காட்டணும்," என்றார் எஸ்தர், பெட்டியைத் திறந்தபடி. "ஒவ்வொரு தடவையும் கேக்கறீங்கதான். ஆனா படிக்கணும்னு ரூல்."

"படிங்க."

"போன வருஷம் உங்க உடம்புல கண்டுபிடிச்சது, உங்க மகளுக்குப் போட்ட விதை ஊசியில இருக்கற மரபணு. மகளோட எச்சில் வழியா அது உங்களுக்கு வந்திருக்கு. எச்சில்ல வரும்னு யாரும் உங்களை எச்சரிக்கலை, உங்களுக்குத் தெரிய வழியில்லைன்னு விசாரணைக் குழு ஏத்துக்கிச்சு. அதனால தடை கிடையாது. அணைப்பு ஊசி போட்டு அந்த மரபணுவை நிறுத்தியாச்சு. இனிமே..."

"இனிமே மகி எச்சில் என் வாயில படக்கூடாது," என்று கனிஷ்கா மிச்சத்தை ஒப்பித்தாள். "அவ தட்டுல சாப்பிடக்கூடாது. முத்தம் கன்னத்துல மட்டும். அவ எச்சில் சுத்தமாகற வரைக்கும் இப்படித்தான். மறுபடி என் உடம்புல கண்டாலோ, தெரிஞ்சே செஞ்சேன்னு தெரிய வந்தாலோ ஆயுசுக்கும் தடை. போதுமா மேடம்?"

"கடைசி வரி விட்டுட்டீங்க."

"என் உடம்புக்குள்ள என்ன போனாலும் நான்தான் பொறுப்பு."

"ஆங்."

மகிழினிக்கு ஏழு வயது. பிறக்கும்போதே தசை நலியும் நோய். கழுத்து நிற்கவே இரண்டு வருஷம் ஆயிற்று. அம்மா நூறு கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துகிறவள், மகளால் ஒரு டம்ளரைத் தூக்க முடியாது. இதைச் சொல்லி உச்சுக்கொட்டாத ஆள் அவர்கள் குடியிருந்த சத்துவாச்சாரியில் இல்லை. அப்புறம்தான் சென்னையில் அந்த ஊசி வந்தது. பழக்கி வைத்த ஒரு கிருமியின் முதுகில் சரியான மரபணுவை ஏற்றி ரத்தத்தில் விடுவார்கள், அது தசை தசையாகப் போய் விதைத்துவிட்டு வரும். அதற்கு நாக்கில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. ஜனங்கள் விதை ஊசி என்று சொல்லப்போக, கடைசியில் டாக்டர்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஊசி வேலை செய்தது. மகி நின்றாள், கையைத் தூக்கினாள், தொண்டை மட்டும் சோம்பேறியாகவே இருந்தது. ஒரு வாய் விழுங்கினால் அடுத்த வாய்க்குக் கொஞ்ச நேரம் இளைப்பாற வேண்டும். அந்த இடைவெளியில் குழந்தைக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்கக் கனிஷ்கா ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தாள். உனக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். அம்மா ஊட்டுவாள், மகி விழுங்குவாள். பிறகு மகி தன் பிஞ்சுக் கையால் ஓர் உருண்டை பிடித்து, சூடு பார்க்கிற மாதிரி நாக்கில் ஒருமுறை தொட்டுவிட்டு, அம்மாவுக்கு ஊட்டுவாள். கைக்கு நல்ல பயிற்சி என்று டாக்டர்களே மெச்சினார்கள்.

அந்த வருஷம் கனிஷ்கா தூக்கிய எடை ஏறிக்கொண்டே போனது. பயிற்சியாளர் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். மகள் எழுந்து நின்ற சந்தோஷம்தான் கையில் இறங்கியிருக்கிறது என்று அவள் மனசார நம்பினாள். பிறகு ஒரு சாம்பிள் சோதனையின் முடிவு வந்தது. 'ஊக்கமருந்தில் சிக்கிய வேலூர் வீராங்கனை' என்று முதல் பக்கத்தில் போட்டார்கள். ஏழெட்டு மாதம் கழித்து அவள் மேல் தப்பில்லை என்று தீர்ப்பு வந்தபோது அதே பேப்பரில் திருமண மண்டப விளம்பரத்துக்குக் கீழே நாலு வரி. ஆனாலும் அந்த நாலு வரியைப் பத்திரமாக மனதில் வைத்திருந்தாள். பதக்கம் வரும், போகும். திருடி என்று பெயர் வாங்கிவிட்டுப் போகக்கூடாது.

அந்தத் தீர்ப்பு முழுக்க அவளுடைய ஒரே பதிலின் மேல் நின்றது. ஊசி போட்ட டாக்டர் வெளிநாடு போய்விட்டார், ஆணையத்தின் கேள்விகளுக்குப் பதிலே போடவில்லை. விசாரணையன்று திரையில் தெரிந்த மூன்று பேரில் நடுவில் இருந்தவர் கேட்டார், எச்சில் வழியாகப் பரவும் என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா? கனிஷ்கா இல்லை என்றாள். அப்படித்தான் அவளுக்கு நினைவு.

"ஜெகா, அவளை எழுப்பு," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

அவள் கணவன் ஜெகதீஷுக்கு ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் வேலை. ஆஸ்பத்திரிக்காக இன்று லீவு போட்டிருந்தான். மகியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன் எஸ்தரைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

"இன்னா மேடம், இன்னிக்குத்தானா வரணும்?"

"நாள் நான் குறிக்கறதில்லைங்க."

அவன் மகியை நாற்காலியில் உட்கார வைத்து, குழைய வடித்த பருப்புச் சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்தான். ஊட்டுவது இப்போது அவன் பொறுப்பு. அதில் அவனுக்கு ஆசையும் இருந்தது, பொறுமையும் இருந்தது. குழந்தைக்கு மட்டும் அது போதவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு கொஞ்ச காலம் கனிஷ்காவே ஊட்டினாள். ஒரே மாதிரி இரண்டு தட்டுகள் வைத்துக்கொண்டாள். மகி நீட்டும் உருண்டையைக் கையில் வாங்கி, முகத்தைத் திருப்பி, இன்னொரு தட்டிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நன்றாக மெல்லுவாள். நாடகம் நன்றாகத்தான் ஓடியது. போன வாரம் மகி அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டாள். உள்ளங்கையில் அவள் கொடுத்த உருண்டை அப்படியே இருந்தது.

"நீ ஏமாத்தறம்மா," என்றாள்.

விசாரணையில் மூன்று பேர் சேர்ந்து துருவித் துருவிக் கேட்டபோது வராத கூச்சம் அந்த ஒரு சொல்லில் வந்தது. அன்றிலிருந்து மகி சாப்பிடுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, வாயை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். நேற்று ராத்திரி கனிஷ்கா குளிப்பாட்டித் தூக்கியபோது குழந்தையில் கனமே இல்லை. எத்தனையோ எடைகளுக்கு முன்னால் நின்றிருக்கிறாள், இவ்வளவு லேசான ஓர் எடை அவளைப் பயமுறுத்தியதில்லை.

"ஆ காட்டுடா செல்லம்," என்றான் ஜெகதீஷ்.

மகி ஒரு வாய் வாங்கினாள். விழுங்கினாள். இன்னொரு வாய் வாங்கினாள். அதை வாயிலேயே வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

கனிஷ்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். எஸ்தர் சீல் போட்ட பாட்டில்களாகவே கொண்டு வந்திருந்தார், வீட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று. ஒன்றைக் குடித்து முடித்து இரண்டாவதை எடுத்தாள். வயிறு திம்மென்று இருந்தது. கீழே இறங்குகிற வழியைக் காணோம். ஒருமுறை முயன்று பார்க்கலாம் என்று எஸ்தரையும் கூட்டிக்கொண்டு கழிவறைக்குப் போனாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பெண் எதிரில் நின்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, எத்தனை வருஷமானாலும் உடம்பு கேட்பதில்லை. குவளையின் அடி நனைந்ததோடு சரி.

"பத்து மணிக்கு ஆஸ்பத்திரி மேடம்," என்றாள் வெளியே வந்து.

"நானும் கூட வருவேன். சாம்பிள் குடுக்கற வரைக்கும் நீங்க எங்க போனாலும் வருவேன்."

"அங்க அவ எடை குறைஞ்சிருந்தா குழாய் வச்சிடுவாங்க."

எஸ்தர் இன்னொரு பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். குழாயைப் பற்றி அவருடைய கையேட்டில் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் மகி இருமினாள். வாயில் அடக்கி வைத்திருந்த சாதம் தப்பான வழியில் போய்விட்டது. முதலில் சின்ன இருமல். அப்புறம் சத்தமே இல்லை. கண் இரண்டும் பெரிதாகி, முகம் கறுத்தது. ஜெகதீஷ் தட்டைப் போட்டுவிட்டு, "கனி!" என்று அலறினான்.

கனிஷ்கா பாய்ந்து போய்க் குழந்தையைத் தூக்கித் தன் முழங்காலில் கவிழ்த்தாள். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினாள். நிமிர்த்தி முகத்தைப் பார்த்தாள். அந்த நேரம் அடைப்பு விட்டுக்கொண்டு, சோறும் எச்சிலும் சளியுமாக அவள் முகத்தில் நேராக வந்து தெறித்தது. மகி வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டதும்தான் ஜெகதீஷுக்கு மூச்சு வந்தது.

எஸ்தர் எழுந்து பக்கத்தில் வந்து நின்றிருந்தார். கையில் ஈரக் காகிதம்.

"வாயில பட்டுச்சா?"

கனிஷ்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நெற்றி, கண், மூக்கு, கன்னம். உதடு கடைசியாக. "இல்ல மேடம்."

பட்டிருக்க வழியில்லை. பெற்ற குழந்தை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோதே அவளுடைய உதடுகள் தாமாக இறுகிப் பூட்டிக்கொண்டிருந்தன. யாரும் சொல்லாமல், அவளே நினைக்காமல். அது தெரிந்தபோது தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. அணைப்பு ஊசி போட்டு மூன்று மாதம் காய்ச்சலில் கிடந்தபோதுகூட இந்த விளையாட்டை அவள் வெறுத்ததில்லை. இப்போது கொஞ்சம் வெறுத்தாள்.

"நான் பாத்ததைத்தான் எழுதுவேன்," என்றார் எஸ்தர் மெதுவாக. "வாய் மூடித்தான் இருந்துச்சு. நான் பாத்தேன்."

பயந்த பயத்திலோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் உடம்பு வழிவிட்டது. குவளை கோட்டைத் தாண்டி நிரம்பியது. கனிஷ்கா தானே ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்து, தன் கையாலேயே இரண்டு சீசாக்களில் ஊற்றி, மூடியைத் திருகினாள். ஒருமுறை மூடினால் உடைத்துத்தான் திறக்க முடியும் என்கிற மாதிரி அந்த மூடி டிக் டிக் என்று பூட்டிக்கொண்டது. கையெழுத்துப் போட்டாள். எஸ்தரும் போட்டார். சுத்தமான சாம்பிள். அதில் கனிஷ்காவுக்குத் துளிக்கூடச் சந்தேகம் இல்லை.

"முடிஞ்சுது," என்றார் எஸ்தர். முகத்திலிருந்த அதிகாரி இறங்கிப் போய், காட்பாடியில் மாடி வீட்டில் குடியிருக்கிற ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி வெளியே வந்தார். "என் கடமை தீர்ந்துச்சு. உங்க லிஸ்ட்டு வந்தவுடனே எனக்கும் ஒரு மெசேஜ் போடுங்க."

ஜெகதீஷ் புதிதாகச் சாதம் பிசைந்து கொண்டு வந்திருந்தான். மகி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வாய் திறக்கவில்லை. மணி ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. எஸ்தர் பெட்டியின் கைப்பிடியை இழுத்தவர், மறுபடி உள்ளே தள்ளினார்.

"நான் வேணா சாப்பிடட்டுமா?"

"மேடம்?"

"பாப்பாவுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். நான் என்ன ஆசியப் போட்டிக்கா போறேன்? எனக்கு எந்தத் தடையும் கிடையாதே. அந்த மருந்து என் முட்டி வலிக்கு நல்லதுன்னாலும் நல்லதுதான்."

கனிஷ்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எஸ்தர் கையைக் கழுவிக்கொண்டு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு வாய் ஊட்டினார். மகி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள், நிதானமாக விழுங்கினாள். பிறகு தட்டிலிருந்து ஓர் உருண்டை பிடித்து அவருக்கு நீட்டினாள். நாக்கில் தொடாமல், நேராக.

எஸ்தர் வாங்கி, மென்று, விழுங்கி, வாயைத் திறந்தும் காட்டினார். மகிக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு வாய். அதற்கு அடுத்தது. ஜெகதீஷ் கனிஷ்காவைப் பார்த்துக் கண்ணாலேயே அப்பாடா என்றான். கனிஷ்கா சுவரில் சாய்ந்து நின்றாள். பொறாமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், பக்கத்தில் போய் அந்தம்மாளைத் தள்ளிவிட்டு உட்கார வேண்டும் போல் பொறாமையாக இருந்தது. ஆனாலும் குழந்தை சாப்பிடுகிறாள். இனி தினமும் பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளலாம். அவளும் தூக்கலாம், மகியும் தேறிவிடுவாள். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் இத்தனை சுலபமாக நகரும் என்று அவள் நினைக்கவேயில்லை.

மகி அடுத்த உருண்டையை நாக்கில் தொட்டாள். எஸ்தருக்கு நீட்டவில்லை. கையை அவருக்கு மேலே தூக்கி, "அம்மாவுக்கு," என்றாள்.

"ஏன்டா கண்ணு, ஆன்ட்டி சாப்பிட்டா போதாதா?"

"நீங்க தூக்க மாட்டீங்களே."

"எதைத் தூக்க மாட்டேன்?"

"பளு." இது கூடத் தெரியவில்லையா என்பது போல் மகி அவரைப் பார்த்தாள். "என் எச்சில்ல ஊசி மருந்து இருக்கு ஆன்ட்டி. அம்மா அதைச் சாப்ட்டா நல்லாத் தூக்குவாங்க. அதான் நான் நக்கிட்டுக் குடுப்பேன். இப்ப அம்மா சாப்பிடவே மாட்டேங்கறாங்க, ஏமாத்தறாங்க. எனக்கு மட்டும் எதுக்கு சோறு?"

கனிஷ்காவுக்கு என்ன கேட்கிறோம் என்பதே முதலில் புரியவில்லை. சூடு பார்க்கிறாள் என்று அவள் நினைத்திருந்தாள். ஒன்றரை வருஷமாக அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"வீட்ல பேசறதைக் கேட்டுட்டு சொல்லுது மேடம்," என்று முந்திக்கொண்டான் ஜெகதீஷ். "இந்தக் கேஸு வந்ததுலேர்ந்து எச்சிலு எச்சிலுன்னு இதே பேச்சுதானே இங்க."

"இல்லப்பா," என்றாள் மகி. "டாக்டர் மாமா சொன்னாரு. நான் கம்பி புடிச்சு மொதல் தடவை நின்னேன்ல, அன்னிக்கு. நீ டீ வாங்கப் போயிருந்த. எச்சில்லகூட மருந்து கொஞ்ச நாள் வரும், வாயில படாம பாத்துக்கங்கன்னு அம்மாகிட்டதான் சொன்னாரு. அம்மா சரின்னு தலையாட்டுனாங்க."

எஸ்தர் கையிலிருந்த சோற்றைத் தட்டின் ஓரத்தில் வழித்து வைத்தார். இறங்கிப் போயிருந்த அதிகாரி மறுபடி அவர் முகத்தில் ஏறுவதைக் கனிஷ்கா பார்த்தாள். எஸ்தருக்கே அது பிடிக்கவில்லை என்பதும் தெரிந்தது.

"மேடம், சாம்பிள்தான் முடிஞ்சிடுச்சே," என்றான் ஜெகதீஷ். "சீல் வச்சாச்சு, சைன் பண்ணியாச்சு. கொழந்தை ஏதோ உளறுது. இதெல்லாம் எழுதணுமா?"

"நான் உளறலப்பா," என்றாள் மகி. உதடு பிதுங்கியது. "நான் பொய் சொல்லலம்மா."

"சாம்பிள் முடிஞ்சுது," என்றார் எஸ்தர். "ஆனா விசாரணையில யாரும் எச்சரிக்கலைன்னு சொல்லித்தான் தீர்ப்பு வாங்கியிருக்கீங்க. அதுக்கு மாறா ஒண்ணு காதுல விழுந்தா நான் கேட்டாகணும். ஒரே ஒரு கேள்விதான் கனிஷ்கா. டாக்டர் உங்ககிட்ட சொன்னாரா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சொல்லலைன்னா சொல்லலைன்னு எழுதிக்குவேன். சின்னப் பொண்ணு பேச்சை எந்தக் குழுவும் சாட்சியா எடுக்காது. யோசிச்சுச் சொல்லுங்க."

கனிஷ்கா யோசித்தாள். சென்னை ஆஸ்பத்திரியின் அந்த நீண்ட அறை. இரண்டு பக்கமும் கம்பிகள். நடுவில் மகி. நர்ஸ் கையை விட்டாள். மகியின் முட்டி வெடவெடவென்று ஆடியது, ஆனால் மடங்கவில்லை. ஐந்தரை வயதுக் குழந்தை முதல்முறையாகத் தன் காலில் நின்றுகொண்டு, பெருமையில் மூச்சுவிடக்கூட மறந்து, அம்மாவைப் பார்த்தது. பக்கத்தில் வெள்ளைக் கோட்டு. வாய் அசைந்துகொண்டிருந்தது. எதற்கோ சரி சரி என்று இவள் தலையாட்டினாள். அந்த நேரத்தில் வீடு எரிகிறது என்று சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் தலையாட்டியிருப்பாள்.

ஆமாம், தலையாட்டினாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். பொய்கூட இல்லை, பாதி பொய். ஆசியப் போட்டி இருக்கும், அந்த நாலு வரித் தீர்ப்பு இருக்கும், பெயர் இருக்கும். ஜெகதீஷ் எஸ்தரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு இல்லை என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஆனால் அந்த வார்த்தையை மகியின் எதிரில் சொல்ல வேண்டும். சொன்னால், இந்த வீட்டில் பொய்க்காரி மகி என்று ஆகும். அம்மாவுக்காகத் தன் மருந்தைப் பங்கு வைத்துக் கொடுத்த குழந்தை. அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னாரு மேடம்," என்றாள் கனிஷ்கா. "நான் கேக்கல. இவ நிக்கறதைத்தான் பாத்துட்டிருந்தேன். ஆனா சொன்னாரு. நான் தலையாட்டினேன்."

"கனி!" என்றான் ஜெகதீஷ். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

எஸ்தர் தரையிலிருந்து எழுந்தார். "காதுல விழலைங்கறதுக்கு எங்க ரூல்ல இடம் இல்லை கனிஷ்கா. சொல்லியிருந்தா தெரியும்னுதான் அர்த்தம் எடுப்பாங்க. தெரிஞ்சே செஞ்சதா ஆகும். அதுக்கு என்ன தண்டனைன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும் மேடம்."

"வேணும்னா இன்னொரு தடவை கேக்கறேன். ஞாபகம் இல்லைன்னு சொன்னாலும்..."

"ஞாபகம் இருக்கே மேடம்."

அதற்கு மேல் எஸ்தர் வற்புறுத்தவில்லை. மேசைப் பக்கம் போய் உட்கார்ந்து ஒரு புதுத் தாளை எடுத்தார். ஜெகதீஷ் வாசல்படியில் போய்த் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கனிஷ்கா பதினான்கு வயதில் பளுக்கம்பியைத் தொட்டவள். நாளைக்குப் பேப்பரில் மறுபடி முதல் பக்கம் வரும். இந்த முறை அதற்குப் பின்னால் நாலு வரி வராது. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அதை விழுங்கிவிட்டு மகியின் எதிரில், எஸ்தர் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க, குடு."

மகி சந்தேகமாகப் பார்த்தாள். உருண்டையை மறுபடி நாக்கில் தொட்டாள். நீட்டினாள். கனிஷ்கா கையில் வாங்கவில்லை. முன்னால் சாய்ந்து, குழந்தையின் விரலோடு சேர்த்து வாயில் வாங்கி, மென்று விழுங்கினாள். பருப்பில் உப்பு கம்மியாக இருந்தது. மருந்து வேலை செய்தால் இன்னும் சில மாதத்தில் இந்த நாட்டிலேயே வலுவான கை கனிஷ்காவின் கையாக இருக்கலாம். அதைக் கொண்டு எந்த மேடையிலும் ஏற முடியாது.

மகி வாய் நிறைய வாங்கினாள், மெதுவாக விழுங்கினாள், உடனே அடுத்ததற்கு வாயைத் திறந்தாள். ஒரு வாரமாகப் பார்க்காத பசி. தட்டில் பாதி காலியானது. மேசையில் எஸ்தரின் பேனா நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னது, தலையாட்டியது, குழந்தை நக்கிக் கொடுத்தது, இப்போது கண்ணெதிரில் தாய் வாங்கித் தின்பது, எல்லாம் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தன.

"இப்ப மருந்து உள்ள போயிடுச்சுல்ல?" என்று கேட்டாள் மகி. "அப்ப மெடல் வாங்குவியாம்மா?"

"வாங்குவேன்டி," என்றாள் கனிஷ்கா.

பேனா நின்றது. எஸ்தர் நிமிர்ந்து இருவரையும் பார்த்தார். பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து எழுதலானார். அதுவரை அந்த வீட்டில் கேட்ட ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொண்டவர், அந்த ஒரு பதிலை மட்டும் எழுதவில்லை.